கொல்லையில் விறகு அடுக்க எவ்வளவு உயரம் போகலாம்? (மன்னார்குடி பக்கம், களிமண் தரை)

வெண்ணாறு எழுதியது:

வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். வரப்போரம் மண்டிக் கிடந்த சீமைக்கருவையை ஜேசிபி விட்டு எடுத்தோம். பட்டுப்போன புளியமரம் ஒன்றையும், கொஞ்சம் வேப்பங்கிளையையும் அதோடு சேர்த்து வெட்டியாயிற்று. டிராக்டர் டிரெய்லரில் இரண்டு நடை வந்து கொல்லையில் குவிந்து கிடக்கிறது. ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, பருத்ததை எல்லாம் பிளந்தும் விட்டார்கள். இப்போது மாசிக் கடைசி.

அடுக்குவதில்தான் வீட்டில் பஞ்சாயத்து. இடுப்பளவு போதும் என்கிறார் அப்பா. மாமாவோ ஆள் உயரத்துக்கு ஏற்றி, கொல்லைச் சுவரோடு சாய்த்துவிடு, இடம் மிச்சம் என்கிறார். கொல்லைச் சுவருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் இருக்கிற இடம் பெரிதில்லை, அதனால் மாமா சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. விறகு வெந்நீர் அடுப்புக்கும் நெல் அவிக்கவும். அப்புறம் வருகிற தையில் தங்கைக்குக் கல்யாணம், சமையல் வீட்டிலேயே. அதற்குள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எவ்வளவு உயரம் சரி?

பனங்கட்டை எழுதியது:

முதலில் ஒன்று. இது காய வைக்கிற அடுக்கா, காய்ந்ததைச் சேர்த்து வைக்கிற அடுக்கா? இரண்டுக்கும் உயரம் வேறு. உங்களுடையது பச்சை விறகு, ஆகவே காய வைக்கிற அடுக்கு.

எதிலும் சாயாமல் தனியாக நிற்கிற ஒற்றை வரிசைக்குக் கட்டையின் நீளத்தைப் போல மூன்று மடங்குதான் எல்லை. ஒன்றரை அடிக் கட்டை என்றால் நாலரை அடி. அதற்கு மேல் ஏற்றினால் அன்றைக்கே விழாது, காயக் காயத்தான் விழும். மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, பருமனில்தான் சுருங்கும். நாலடி அடுக்கில் பத்துப் பன்னிரண்டு வரிசை இருக்கும். வெயில் படுகிற பக்கம் முன்னாடியும் நிழல் பக்கம் பின்னாடியும் சுருங்கினால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் வித்தியாசம் வரும். அத்தனையும் கூடி உச்சியில் ஒரு பக்கமாகத் தள்ளும். ஆள் உயரத்துக்குப் போனால் அந்தத் தள்ளல் இன்னும் பெரிசு.

பிடரி அளவுக்கு மேல் ஏற்றினால் எடுக்கிறவருக்கும் ஆபத்து. காலையில் வெந்நீர் போட விறகு எடுக்கப் போவது அம்மாவோ பாட்டியோதானே? அவர்கள் கைக்கு எட்ட வேண்டும். இழுக்கும்போது மேல் கட்டை தலையில் விழக் கூடாது.

விறகுக்கடை எழுதியது:

கும்பகோணம் பக்கம் விறகுக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் எட்டடிக்குக் குறைந்து அடுக்கியதே கிடையாது. மூன்று மடங்குக் கணக்கெல்லாம் பார்த்தால் நான் ரோட்டில்தான் விறகு போட வேண்டும்.

சூட்சுமம் இரண்டு கோடியிலும் இருக்கிறது. கோடியில் கட்டையை ஒரு வரிசை நீளவாக்கு, அடுத்த வரிசை குறுக்குவாக்கு என்று மாற்றி மாற்றி வைத்துத் தூண் மாதிரி எழுப்ப வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுச் சவுக்குக் கம்பு ஊன்றிக் கொள்ள வேண்டும். அப்புறம் எட்டடி என்ன, பத்தடியும் நிற்கும்.

பனங்கட்டை எழுதியது:

அண்ணே, உங்கள் கடையில் ஒரு அடுக்கு எத்தனை நாள் நிற்கும்?

விறகுக்கடை எழுதியது:

முகூர்த்த மாதம் என்றால் இரண்டு வாரம். ஆடியில் கொஞ்சம் தூங்கும்.

பனங்கட்டை எழுதியது:

அதைத்தான் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் போகிற விறகுக்குச் சுருக்கமும் இல்லை, சாய்வும் இல்லை. இவருடையது மாசியிலிருந்து தை வரை, கோடையும் ஐப்பசி மழையும் தாண்டி நிற்க வேண்டிய அடுக்கு.

கடைமடை எழுதியது:

தலைஞாயிறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விறகு, கம்பு, கோடி எல்லாம் பேசினீர்கள். தரையை யாரும் பேசவில்லையே.

நம்ம ஊர் மண் படுகைக் களி. சித்திரை வைகாசியில் கால் விரல் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மழை இறங்கினால் அதே மண் ஊதி, குழைந்து போகும். அதன் மேல் நாலு செங்கல்லை வைத்து விறகை ஏற்றினால் எந்தச் செங்கல் எப்போது இறங்கும் என்று சொல்லவே முடியாது. உயரத்தைத் தீர்மானிக்கிறது கட்டை நீளம் இல்லை, அடியில் இருக்கிற மண்தான்.

பாரம் எவ்வளவு என்று யோசியுங்கள். பன்னிரண்டு அடி நீளம், நாலடி உயரம், ஒன்றரை அடி ஆழம். ஒரே ஒரு வரிசைதான். வெளியளவு 72 கன அடி. சந்துபொந்தைக் கழித்தால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நிஜ மரம் இருக்கும். கருவை கனமான மரம். காய்ந்ததே ஒரு டன்னைத் தாண்டும், பச்சை இன்னும் அதிகம். ஆறடிக்கு ஏற்றினால் அதில் பாதியைக் கூடச் சேர்த்துக் கொள்ளுங்கள். இவ்வளவையும் ஒன்றரை அடி அகலத் தரை தாங்க வேண்டும்.

அதனால் அடியில் செங்கல் வேண்டாம், நீளமான எதையாவது போடுங்கள். பனங்கட்டை (நண்பர் பெயரைச் சொல்லவில்லை, நிஜப் பனங்கட்டை!) பாதியாகப் பிளந்தது இரண்டு இருந்தால் அதைவிட நல்லது இல்லை. பாரம் நீளத்துக்கும் பரவும். பழைய மின்கம்பத் துண்டு, உடைந்த கல்கால் எது கிடைத்தாலும் சரி. களத்துமேடு மாதிரி ஒரு சாண் மண் கொட்டி மேடாக்கிய பிறகு அதன் மேல் போட வேண்டும். மழைக்காலத்தில் கொல்லையில் தண்ணீர் நிற்கிற வீடு என்றால் இது கட்டாயம்.

மேல்காற்று எழுதியது:

சுவரோடு சாய்க்கச் சொன்ன மாமாவிடம் இதைக் காட்டுங்கள்: சுவரோடு சாய்த்த விறகு காயாது. ஒரு பக்கம் காற்றே போகாமல் அடைபட்டிருக்கும். கரையான் சுவர் வழியாக ஏறி விறகுக்கு வரும், விறகிலிருந்து வீட்டு நிலைக்கும் போகும். இரண்டு பக்கமும் அதற்குத் திறந்த வழி. குறைந்தது ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு இருந்தால் இன்னும் நல்லது, பின்பக்கம் புற்றுமண் கோடு ஏறுகிறதா என்று பார்க்கலாம்.

அப்புறம் திசை. நமக்கு ஆனி ஆடியில் மேல்காற்று வெளுத்து வாங்கும். அந்தக் காற்று விறகைக் காய வைக்கிற அளவுக்கு வெயில்கூடக் காய வைக்காது. அடுக்கு தெற்கு வடக்காக ஓடினால் அகலமான முகத்தில் காற்று அடித்து ஊடே புகுந்து போகும். கட்டையின் வெட்டுமுகம் இரண்டும் கிழக்கு மேற்காகப் பார்க்கும். ஈரம் பெரும்பாலும் வெட்டுமுகம் வழியாகத்தான் வெளியே போகிறது, பட்டை வழியாகப் போவது கொஞ்சம்தான். பிளந்த விறகு சீக்கிரம் காய்வதும் இதனால்தான், பட்டை விட்ட பக்கம் திறந்துவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல். ஐப்பசி கார்த்திகை மழை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சாய்ந்து அடிக்கும், அதுவும் அதே அகலமான முகத்தில்தான். ஆகவே மேல் கூரையைக் கிழக்குப் பக்கம் ஒரு முழம் கூட இறக்கி விடுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. கூரைக்குத் தார்ப்பாய் இருக்கிறது, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிடலாமா? ஒற்றை வரிசை போட்டால் எல்லா விறகும் கொள்ளாது. இரண்டு வரிசையை ஒட்டிப் போட்டால் ஆழம் மூன்றடி ஆகிவிடும், அப்போது உயரத்தை ஏற்றலாம்தானே?

மேல்காற்று எழுதியது:

தார்ப்பாயை நாலு பக்கமும் கட்டினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். பச்சை விறகிலிருந்து கிளம்புகிற ஈரம் போக வழியில்லாமல் தார்ப்பாயில் பட்டுத் திரும்ப விறகு மேலேயே சொட்டும். ஒரு மாதத்தில் பூஞ்சாளம் பூத்துவிடும். உச்சியை மட்டும் மூடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பங்குனி, சித்திரையில் மூடவே தேவையில்லை. ஆவணிக்கு மேல் முடைந்த கீற்று இரண்டு அடுக்கு போட்டு மேலே கல் வையுங்கள். பழைய பிளெக்ஸ் பேனர் கிடைத்தால் கீற்றுக்கு அடியில் விரித்துக் கொள்ளலாம், தேர்தல் முடிந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பனங்கட்டை எழுதியது:

இரண்டு வரிசை பற்றி: ஒட்டிப் போட்டால் நிற்கும், ஆனால் நடுவில் சந்திக்கிற வெட்டுமுகம் இரண்டும் ஒன்றையொன்று அடைத்துக் கொள்ளும். உள்பக்கம் புழுங்கிப் போகும். நடுவே ஒரு சாண் சந்து விட்டு இரண்டு வரிசை எழுப்புங்கள். இரண்டடி உயரத்துக்கு ஒருமுறை நீளமான கம்பு ஒன்றைக் குறுக்கே இரண்டு வரிசையையும் தொடுகிற மாதிரி படுக்க வையுங்கள். அப்போது இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக் கொள்ளும், ஐந்தடி வரை ஏற்றலாம். அதற்கு மேல் உங்கள் மண்ணுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தூர்க்கட்டைகளை இதில் சேர்க்காதீர்கள். கோணல்மாணலாக இருக்கும், எந்த வரிசையிலும் படியாது, அடுக்கைத் தள்ளிவிடும். தனியாகக் குவித்து வையுங்கள். நெல் அவிக்கும்போது ஒன்றைச் செருகினால் நின்று எரியும்.

கோட்டையடுப்பு எழுதியது:

கல்யாணச் சமையல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் உள்ளே வருகிறேன். பந்தல் சமையல்தான் எங்கள் தொழில்.

உயரம் எவ்வளவோ இருக்கட்டும். சமையல்காரருக்கு வேண்டியது வேறு. பருமன்படி பிரித்து அடுக்கி வையுங்கள். கைப்பிடிப் பருமன் ஒரு பக்கம், தொடைப் பருமன் ஒரு பக்கம். சாதம் வடிக்க, குழம்பு கொதிக்க எடுத்ததும் தீ பிடிக்க வேண்டும், அதற்குச் சிறுசு. பாயசத்துக்கும் அல்வாவுக்கும் நின்று எரிகிற தணல் வேண்டும், அதற்குப் புளியும் கருவையும் பெரிய துண்டாக. ஒரே அடுக்கில் கலந்து கிடந்தால் விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் அடித்துக் கொண்டு பொறுக்க வேண்டியிருக்கும். எங்கள் ஆட்களுக்குப் பாதிக் கோபம் அதில்தான் வரும்.

வேம்பு கொஞ்சமாக இருக்கட்டும். எரியும், ஆனால் காயாத வேம்பின் புகை பாலில் ஏறினால் நாக்கில் தெரியும். முருங்கை, இலவம், ஒதியன் எதுவும் கலந்து வந்திருந்தால் வெளியே எடுங்கள், அது அடைசல். கொஞ்சம் சவுக்கு வாங்கிச் சேர்த்துக் கொள்ளுங்கள், சீக்கிரம் பற்றும், சூடு நன்றாகக் கொடுக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீர் என்றால் சரி, சொத் என்றால் இன்னும் நாள் இருக்கிறது. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு கழன்று வரும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தட்டிப் பார்ப்பதோடு ஒரு தராசு வேலையும் செய்யலாம். அடுக்கின் நடுவிலிருந்து மூன்று நான்கு துண்டை எடுத்துச் சுண்ணாம்பில் எண் போட்டு எடை எழுதி வைத்து, திரும்ப அதே இடத்தில் செருகிவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஓரத்துத் துண்டை எடுத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், அது எப்போதும் முன்னாடி காய்ந்துவிடும்.

ஈர விறகில் பாதிச் சூடு வீண் என்று எல்லோரும் சொல்கிறார்கள், கணக்கு அப்படி வராது. பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள ஒரு கிலோ விறகை எடுத்துக் கொள்வோம். அதில் நிஜ மரம் அரைக் கிலோ. முழுக்கக் காய்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி கொடுக்கும், ஆக இதில் 2,250. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70, ஆவியாக்க 540, ஆக 610 கிலோ கலோரி. அரைக் கிலோவுக்கு 305. அதாவது ஏழில் ஒரு பங்குதான் நேரடி நஷ்டம்.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில். நீராவி கிளம்பிக் கொண்டிருக்கும் வரை கட்டையின் அந்தப் பகுதி நூறு டிகிரியைத் தாண்டாது. தீ சரியாகப் பிடிக்காது. எரிய வேண்டிய வாயு எரியாமல் புகையாக வெளியே போகிறது. கண் எரிச்சலும், பாத்திரத்தில் கரியும், பாட்டியின் இருமலும் எல்லாம் அந்த எரியாமல் போன விறகுதான்.

இன்னொரு விஷயம், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு. விறகு எவ்வளவு காய்ந்தாலும் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி ஒரு அளவில் நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரத்தில் சுமார் 16 சதவீதம் ஈரம் இருந்தே தீரும். 90க்குப் போனால் 20ஐ ஒட்டி வரும். நல்ல அடுப்பு விறகுக்கு 20க்குக் கீழே போதும் என்பதுதான் பொதுக் கணக்கு. ஆகவே கார்த்திகையில் காய வைக்க முயல்வது வீண் வேலை. அதற்குள் காய்ந்ததைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

கடைமடை எழுதியது:

கார்த்திகை என்றதும் கஜாதான் நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் பக்கம், பட்டுக்கோட்டை, பேராவூரணி எல்லா இடத்திலும் தென்னை வரிசை வரிசையாகப் படுத்துவிட்டது. விழுந்த மரத்தை விறகாக்கலாம் என்று பலர் துண்டு போட்டுத் தோப்போரமே மலை மாதிரி குவித்தார்கள். தென்னங்கட்டை தண்ணீரை விடாது, பிளக்காமல் குவித்தால் காய்வதற்கு முன் மக்க ஆரம்பித்துவிடும். மக்கிய தென்னங்கட்டைதான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிற இடம். பிழைத்து நின்ற கன்றுகளின் குருத்தை அந்த வண்டு குடைந்தது.

தென்னை விறகு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாலாகப் பிளந்து, தோப்பை விட்டுத் தள்ளி, தாழ்வாக, காற்றோட்டமாக அடுக்குங்கள். இல்லாவிட்டால் உடனே எரித்துத் தீருங்கள்.

தூரதேசம் எழுதியது:

மூலம் நீடாமங்கலம், இருப்பது அமெரிக்காவில். இங்கே குளிர் காய விறகு வாங்குகிறோம், 'கார்டு' என்று ஒரு அளவு. நாலடி உயரம், நாலடி ஆழம், எட்டடி நீளம், ஆக 128 கன அடி. அந்த நாலடிதான் இங்கேயும் வழக்கமான உயரம். ஒரு வருடம், சில மரத்துக்கு இரண்டு வருடம் காய வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் காலக்கெடுவை நம்மூருக்கு எடுத்துக் கொள்ள வேண்டியதில்லை. நம் சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் இங்கே கிடையாது.

விறகுக்கடை எழுதியது:

அதுதான் நானும் சொல்வது. பிளந்த கருவை ஒரு கோடை பார்த்தால் அடுப்புக்குப் போதும். புளியில் பெரிய துண்டுதான் இழுக்கும், அதை இன்னொரு முறை பிளந்துவிடுங்கள். எட்டடி பற்றி நான் சொன்னதை விட்டுக் கொடுக்கவில்லை, கூரைக்கு அடியில், சிமெண்ட் தரையில், கம்பு ஊன்றி, காய்ந்த விறகுக்கு அது சரிதான்.

பனங்கட்டை எழுதியது:

காய்ந்த விறகுக்கு என்று சொல்லிவிட்டீர்கள், அப்படியானால் நமக்குள் சண்டையே இல்லை அண்ணே.

வரப்போரம் எழுதியது:

பாம்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. வயலில் தண்ணீர் ஏறினால் எலியும் தவளையும் மேட்டுக்கு வரும், பின்னாடியே கட்டுவிரியனும் நல்ல பாம்பும் வரும். விறகுச் சந்து அவற்றுக்குச் சொந்த வீடு. தரையிலிருந்து ஒரு அடி தூக்கி அடுக்கினால் அடியில் குனிந்து பார்க்கவாவது முடியும். அந்த ஒரு அடிச் சந்தில் சாமான் எதையும் அடைக்காதீர்கள். எடுக்கும்போது எப்போதும் மேல் வரிசையிலிருந்து. நடுவில் கையை விட்டு உருவாதீர்கள், முதலில் ஒரு கம்பால் தட்டுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும், கடித்தால் வலிகூடச் சரியாகத் தெரியாது. சந்தேகம் வந்தாலே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம்.

மாட்டுக்கொட்டகைக்கும் அடுக்குக்கும் இடையில் நல்ல இடைவெளி விடுங்கள். மாடு சொறிந்து கொள்ள அடுக்கில் உரசும், நாலடி அடுக்கே சரியும். கன்றுக்குட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வெண்ணாறு எழுதியது:

எல்லாவற்றையும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மாடு உரசும் என்றதில் மாமா வாயை மூடிக்கொண்டார், ஏனென்றால் மாடு அவருடையது.

முடிவு: சுவரை விட்டு இரண்டடி தள்ளி, தெற்கு வடக்காக, நடுவில் சந்து விட்டு இரண்டு வரிசை, நாலரை அடி உயரம். அடிக்குப் பனங்கட்டை பக்கத்து ஊரில் சொல்லியிருக்கிறோம். கல்யாண விறகைப் பருமன் பிரித்து வடக்குக் கோடியில் தனியாக வைக்கிறோம். அளந்து பார்த்ததில் முக்கால் டிரெய்லர் விறகு மிஞ்சும் போலிருக்கிறது, அதை விற்றுவிடலாமா என்று யோசனை. இப்போதே விற்பதா, காய்ந்த பிறகா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

எடைக்கு விற்பதென்றால் இப்போது, வாங்குகிறவர் ஏமாந்தவராக இருந்தால்.

விறகுக்கடை எழுதியது:

வாங்குகிறவர் நான்தான். பச்சைக்குப் பச்சை விலைதான் கொடுப்பேன், வெட்டுமுகம் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவேன். ஆவணியில் காய்ந்ததைக் கொண்டு வந்தால் நல்ல விலை. முள்ளும் சுள்ளியும் வேண்டாம், அதைச் சூளைக்காரரிடம் தள்ளிவிடுங்கள். வண்டி வாடகை உங்களுடையது.

வெண்ணாறு எழுதியது:

வாடகையில் பாதி?

விறகுக்கடை எழுதியது:

தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் பாதி.